ஷிஃபெரா சொன்ன எட்டு மணி

ஃபந்தாயேக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக மெல்பர்னில் அம்ஹாரிக் மொழிபெயர்ப்பாளர். சொன்ன ஒரு சொல்லைக்கூட இதுவரை திரும்ப வாங்கியதில்லை. அன்று காலை பத்து மணி வரைக்கும் அந்தத் திமிர் நியாயமாகத்தான் இருந்தது.

அவளுடைய எத்தியோப்பியாவில் பொழுது விடிந்தால் மணிக்கணக்கு ஆரம்பிக்கும், பொழுது சாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். காலை ஏழு என்பது அங்கே ஒரு மணி. இரவு எட்டு என்பது அங்கே இரண்டு. யாராவது மணி சொன்னால் போதும், ஃபந்தாயேயின் மூளை தன்பாட்டுக்கு ஆறைக் கூட்டும், அல்லது கழிக்கும்.

தீர்ப்பாயத்தின் ஏழாம் மாடியில் அவளுக்குப் பக்கத்தில் ஷிஃபெரா உட்கார்ந்திருந்தான். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே நாலு வருஷமாக ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவன். அகதியாக அவன் கேட்ட பாதுகாப்பு விசா ஒருமுறை மறுக்கப்பட்டாயிற்று. இந்த விசாரணையும் கைவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவன் அண்ணனை இழுத்துக்கொண்டு போனவர்கள் அங்கே அவனுக்காகவும் காத்திருக்கிறார்கள்.

அவனை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் எதிரே இருந்த ப்ரான்வின் டெய்ட். கெட்ட மனுஷி இல்லை. தண்ணீர் டம்ளரை அவரே நகர்த்தி வைப்பார். ஆனால் சொன்னது மாறினால் அவர் பேனா சட்டென்று நின்றுவிடும்.

"அண்ணனைப் பிடிக்கப் போலீஸ் வந்தப்போ மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"எட்டு மணி. நல்ல இருட்டு," என்றான் ஷிஃபெரா.

"ராத்திரி ரெண்டு மணி," என்று இங்கிலீஷில் சொன்னாள் ஃபந்தாயே.

பேனா நின்றது. "எழுதிக் கொடுத்ததுல ராத்திரி எட்டுனு இருக்கே. இப்ப ரெண்டுங்கறீங்க?"

அதையும் அவள் ஊர்க்கணக்குக்கு மாற்றி அவனிடம் கொடுத்தாள். "ரெண்டுனு எழுதியிருக்கீங்க. இப்ப எட்டுங்கறீங்க?"

"நான் எங்க ரெண்டுனு எழுதினேன்? எட்டுனுதான் எழுதினேன், சத்தியமா!"

அது இங்கிலீஷில், "நான் எங்க எட்டுனு எழுதினேன்? ரெண்டுனுதான் எழுதினேன், சத்தியமா!" என்று போய்ச் சேர்ந்தது. ப்ரான்வின் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். எட்டு என்றுதான் இருந்தது, கீழே அவன் கையெழுத்தும் இருந்தது.

"சாப்பிட்டுக்கிட்டிருந்த அண்ணனை எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருங்க சாப்பிடுவா?"

ஷிஃபெராவின் காதுக்கு அது எட்டு மணியாகத்தான் வந்தது. "எல்லாரும்தான்! எங்க வீட்ல தினம் அப்பதான் சாப்பிடுவோம்."

ப்ரான்வின் பெருமூச்சு விட்டு இருபது நிமிஷம் இடைவேளை விட்டார். ஃபந்தாயேக்கு எரிச்சலாக வந்தது. படித்தவன், இப்படியா வாய் கூசாமல் புளுகுவான்?

விண்ணப்பதாரரோடு மொழிபெயர்ப்பாளர் தனியாகப் பேசக்கூடாது. அதனால் வராந்தாவின் மறுகோடியில் போய் நின்றாள். அவன் மனைவியோடு போனில் பேசுவது அங்கேயும் கேட்டது.

"பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிடுவாங்களாம். என்னை நம்பலடி. என்ன தப்பாச் சொன்னேன்னே புரியல."

சுவரில் மணி பத்து நாற்பது. பதினோரு மணி! அம்ஹாரிக்கில் பேசுகிறவன் 'அஞ்சு மணிக்கு' என்றல்லவா சொல்ல வேண்டும்? பெண்டாட்டியிடம்கூட ரொட்டித் தொழிற்சாலை மணியில்தான் பேசுகிறான். நாலு வருஷ ஷிப்டு அவனை மாற்றிவிட்டது. அவன் சொன்ன எட்டு, எட்டேதான்.

அவன் சொன்னதை ஃபந்தாயேயே பொய்யாக்கிவிட்டு, அவனையே மனசுக்குள் புளுகன் என்று திட்டியும் இருக்கிறாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பெயர் போகும், இனிமேல் யார் கூப்பிடுவார்கள்? வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரு நிமிஷமாவது சும்மா இருக்கலாமா என்று யோசித்தது இன்னும் வெட்கமாக இருந்தது.

உள்ளே ப்ரான்வின் வாய் திறக்குமுன் அவள் கையைத் தூக்கினாள்.

"மணியில தப்புப் பண்ணினது இவர் இல்ல. நான்."

ஒவ்வொன்றாக விளக்கினாள். பிறகு அதையே ஷிஃபெராவிடமும் சொன்னாள். அவன் அவளையே பார்த்தான்.

"எத்தெயே, நீங்களுமா என்னைப் பொய்யன்னு நெனச்சீங்க?" ஊரில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டான்.

"நெனச்சேன்ப்பா. மன்னிச்சுடு."

ப்ரான்வின் எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "சாப்பாட்டு நேரத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிப்போம்," என்றார்.

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு," என்றாள் ஃபந்தாயே. "போன மே மாசம் திருனெஷ்னு ஒருத்தி வந்தா. பழம் அடைக்கிற கம்பெனியில அஞ்சு வருஷமா வேலை. மணியை மாத்தி மாத்திச் சொல்றான்னு அவளையும் நீங்க நம்பல. அன்னிக்கும் மொழிபெயர்த்தது நான்தான்."

ப்ரான்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க இப்ப எங்க?"

அறையில் பேசுவது எல்லாமே அவனுக்கும் போய்ச் சேர வேண்டும். ஃபந்தாயே இதையும் அவனிடம் சொன்னாள். ஷிஃபெரா நிமிர்ந்தான்.

"திருனெஷா? எங்க சர்ச்சுக்கு வர்றவதானே. அவளை இன்னும் அனுப்பல. நாளைக்குப் பத்து மணிக்குத்தான் பிளேன்."

இன்னும் அனுப்பவில்லை என்று ஃபந்தாயே இங்கிலீஷில் சொல்லும்போதே ப்ரான்வினின் கை டெலிபோனை எடுத்தாயிற்று. மணியைச் சொல்ல ஃபந்தாயே வாயைத் திறந்தாள், மூடினாள், அவன் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பத்து?"