விட்டன்பர்க் சாம்பல்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தாமரைச்செல்வி போனில் சேனாபதியை அண்ணன் என்று கூப்பிடும்போதெல்லாம் வீட்டுக் கூரையிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. வேலை பார்த்த மருந்துக் கம்பெனி லேபிலேயே அதைச் சோதித்துப் பார்த்தாள். பழைய காகிதமும் தோல் அட்டையும் எரிந்த சாம்பல் என்று வந்தது. வேக்யூம் பண்ணிவிட்டுச் சமையலைக் கவனித்தாள். சேனாபதி அவளுடைய அக்காள் புருஷன். அக்காள் கேன்சரில் போன பிறகு விமானத்தில் போகிற தூரத்தில் சுகர் லேண்டில் தனியாகக் கிடந்தார். அவர் மேல் இவளுக்கு உயிர், அவருக்கும் அப்படித்தான். அக்காள் போன வீட்டில் தங்கையைக் கட்டிவைப்பது நம் பக்கத்தில் சகஜம். ஆனால் நாகர்கோவிலில் போதகராக இருந்த அவள் அப்பா கூடவே கூடாதென்று ஒரே பிடியாக நின்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே உடல், ஆகவே அக்காள் புருஷன் தங்கைக்குக் கூடப்பிறந்தவன், இது தேவனுடைய கட்டளை என்றார். இனி அத்தான் என்று கூப்பிடக் கூடாது, அண்ணன்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிப்போனது.

வேலையை விட்டபின் சபை ஊழியத்துக்குப் படிக்க ஓர் இறையியல் செமினரியில் சேர்ந்தாள். முதல் புராட்டஸ்டண்ட் போதகர்கள் என்ன படித்தார்கள் என்று அங்கே ஒரு பாடம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியின் திருச்சபைச் சட்டப் புத்தகங்களை ஜெர்மனியில் விட்டன்பர்க் ஊரில் கொளுத்தியவர்கள், கல்யாணத் தகராறுகள் வாசலில் வந்து நின்றதும் கையைப் பிசைந்தார்களாம். யார் யாரைக் கட்டலாம் என்று சொல்ல வேறு சட்டம் கைவசம் இல்லை. எரித்ததையே திரும்ப எடுத்துப் படித்தார்கள், படிப்பித்தார்கள். அப்பா தேவனுடைய கட்டளை என்று சொன்ன அக்காள் புருஷன் கணக்கும் அந்த எரித்த சட்டத்தில்தான் இருந்தது. வேதத்திலோ அக்காள் உயிரோடு இருக்கையில் தங்கையைச் சேர்க்காதே என்று மட்டும்தான். தாமரைச்செல்வி பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். அப்பா மேல் கோபம் வரவில்லை. போன வருஷங்கள்தான் வலித்தன.

அங்கிருந்தே போன் பண்ணினாள்.

"அத்தான், டிக்கெட் புக் பண்ணிட்டு வாங்க."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒன் வே போடட்டுமா, தாமரை?" என்றார் சேனாபதி.

கல்யாணத்தோடு சாம்பல் நின்றுவிடும் என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் என்ற பேச்சே இல்லாமல் போனபிறகும் நிற்கவில்லை. மோதிரம் மாற்றும்போதே கொட்டியது; பாஸ்டர் பைபிளை ஊதிவிட்டுக்கொண்டு வாசித்தார். இன்றைக்கும் காலையில் காபி குடிக்கும் நேரத்துக்கு உதிர்கிறது. தரையைப் பெருக்குவது சேனாபதி. அவர் நரைத்த தலையில் விழுந்ததைத் தட்டிவிடுவது தாமரைச்செல்வி. விழுவது ஒரு சிட்டிகைதான், அவள் ரொம்ப நேரம் தட்டுவாள்.