ரஞ்சிதம் எழுதிய மழை நாட்கள்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டதில் கொஞ்சம் நிம்மதி.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

ஜவ்வாது மலையில் ஜூன் மாதத்து மேகங்கள் (வேண்டாம். மேகம் வருமா என்பதுதான் கதையே.)

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு (கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

பூஜா பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

இது பரவாயில்லை. பூஜா என்று ஒருத்தி இருந்தால் அவளைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடலாம்.

2

பூஜாவின் ஊர் காவலூருக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடம். அப்பா குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தார். வீட்டில் அம்மா ரஞ்சிதமும் அவளும். மேல்காட்டில் ஒன்றரை ஏக்கர் சாமை நிலம்.

ஒரு நாள் மதிப்பெண் சான்றிதழைத் தேடித் தகரப் பெட்டியைக் கிளறியபோது ஒரு டைரி கிடைத்தது. 1994. கல்யாணமாகி வந்த வருடம் ரஞ்சிதம் எழுத்தறிவு வகுப்புக்குப் போனாள். அங்கே கொடுத்த டைரி அது. நாளுக்கு ஒரு வரி, இரண்டு வரி. எழுத்துகள் ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு.

மழை பெய்தது. சாமை விதைத்தோம்.

ஆடு மேய்த்தேன். மழை பெய்தது.

களை எடுத்தோம். பன்னிரண்டு பேர்.

பூஜா ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போட்டாள். இடது பக்கம் 1994, வலது பக்கம் இப்போது. ஏர் மாடு, டிராக்டர். களைக்குப் பன்னிரண்டு பேர், இப்போது அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தை சின்னக்குழந்தையும். ஜூனில் மழை நாள் பத்தொன்பது, போன வருடம் ஏழு.*

(* ஒரே ஒரு வருடத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தந்தார்கள். பூஜாவுக்கு அதில் நல்ல மதிப்பெண்.)

3

இந்த வருடம் ஜூன் முதல் வாரத்தில் ஒரு நல்ல மழை. நிலத்தை உழுதுவிட்டு, இரண்டாவது மழைக்குக் காத்திருக்கலாம் என்றாள் ரஞ்சிதம். விதை ஒரு பானைதான் இருந்தது, சாம்பல் கலந்து வைத்தது. போன வருடம் ஊரில் யாருக்கும் சரியாக விளையவில்லை. அதனால் கேட்டு வாங்கவும் வழியில்லை. அந்தப் பானை வீணானால் இந்த வருடம் சாமை கிடையாது.

பூஜா நோட்டையும் டைரியையும் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். 1994-ல் முதல் மழை விழுந்த மூன்றே நாளில் அடுத்த மழை வந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். காத்திருந்தால் ஈரம் போய்விடும், இப்போதே விதைக்க வேண்டும் என்றாள். ஐந்து நிமிடம் பேசியிருப்பாள்.

(இந்த இடத்தில் பூஜாவை நம்ப எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பஸ்ஸில் தன் நிறுத்தம் தாண்டிப் போனாலும் வாய் திறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். ஆனால் பேசினாள்.)

ரஞ்சிதம் டைரியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுநாள் காலை விதையில் மணல் கலந்து விசிறி விதைத்தாள்.

அந்தப் பக்கமாக விறகோடு வந்த சின்னக்குழந்தை நின்று பார்த்தாள்.

"இன்னா ரஞ்சிதம், இந்த வருசம் காலேஜைக் கேட்டா வெதைக்கிற?"

"ஆமா. எம் பொண்ணு படிச்சுட்டு சொல்லுது. உம் பையன் எதுனா சொல்றானா, நீ கேக்கறதுக்கு?"

4

அதன் பிறகு மழை இல்லை.

ஒன்பது நாள் இல்லை. போனில் மேகப் படம் காலையில் ஒன்று காட்டியது, மதியம் ஒன்று காட்டியது. நிலத்தில் எறும்புகள் சாமையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயின. பூஜா முதலில் அவற்றை எண்ணினாள். பிறகு

(எண்ணிக்கை வேண்டாம்.)

பத்தாம் நாள் அவள் வரப்பில் உட்கார்ந்து டைரியை மறுபடி படித்தாள். நவம்பர் மாதத்தில் ஒரு வரி: மழை பெய்தது. சாமை காய வைத்தோம். அடுத்த நாளும் அதே வரி. எழுதிய எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக்.

"ஏம்மா, மழையில எப்டிமா சாமை காய வெச்ச?"

ரஞ்சிதம் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய பூஜாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வகுப்பு எடுத்த புருஷோத்தமன் சார் போளூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருவாராம். காலிப் பக்கத்துக்கு டிக் கிடையாதாம். ரஞ்சிதத்துக்கு அப்போது எழுத வந்தது மொத்தம் பதினொரு வாக்கியம். அதில் மழை பெய்தது ஒன்று. வெயிலுக்கான பாடம் வருவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

"அந்த வருசம் எங்கடி மழை? ஆடும்தான் எங்களுது இல்ல. பாடத்துல ஆடு மேய்த்தேன்னு இருந்துச்சு, எழுதுனேன்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

ரஞ்சிதம் கை மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது இப்டித்தான்னு நீ வாயத் தொறந்து சொன்னது அன்னிக்குத்தான். அதப் போயி நான் இல்லன்னு சொல்றதா?"

பூஜா டைரியை மூடினாள்.

"அடியில ஈரம் கீது. இன்னும் ரெண்டு நாளு தாங்கும்," என்றாள் ரஞ்சிதம்.

5

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று யோசித்தேன்.

அ. மறுநாள் மழை.

ஆ. மழை இல்லை. பூஜா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், வாயை மூடிக்கொண்டு (இதை எழுதப் பிடிக்கவில்லை.)

இ. ரஞ்சிதம் கெட்டிக்காரி. பாதி விதையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். மகளின் பேச்சையும் காப்பாற்றினாள், சாமையையும் காப்பாற்றினாள். படிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாம்பல்தான் கொட்டியது.

அம்மா மொத்தத்தையும் விதைத்திருக்கிறாள்.

(பூஜாவை இங்கேயே விட்டுவிடுகிறேன். எப்படியும் கண்டுபிடித்திருப்பீர்கள்.)

6

இன்று பதினோராவது நாள். சாயங்காலம் நாலு மணி.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டாணியை உரித்துக்கொண்டே கேட்டாள். சின்னக்குழந்தை வரும் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"ஆடு எங்களுது இல்லன்றத எடுத்துடு. சார் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

எடுக்கவில்லை. அம்மா மன்னிக்க வேண்டும், சாரும்.

பிறகு அந்த டைரியை வாங்கி, கடைசியில் எழுதாமல் கிடந்த பக்கத்தைத் திறந்தாள். வெயில் அடித்தது என்று எப்படி எழுதுவது என்று கேட்டாள். நோட்டில் எழுதிக் காட்டினேன். பார்த்து எழுதினாள், அதே கொட்டைப்பாக்கு அளவில். பேனாவைத் தரும்போது என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் புரிந்தது. சிவப்புப் பேனா தேடி ஒரு டிக் போட்டேன்.

போளூர்ப் பக்கம் கொஞ்சம் இருட்டிக்கொண்டு இருக்கிறது. போன வாரமும் இப்படி இருட்டியது.

மழை பெய்தது என்று இப்போதே எழுதிக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அந்த வாக்கியம் நன்றாக எழுத வரும். ஆனால் பெய்ததால் எழுதினேனா, எழுத வருவதால் எழுதினேனா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் நாளைக்கான வரியை விட்டு வைக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது எங்கள் நாளை எப்போதோ முடிந்திருக்கும். இந்தப் பக்கம் வந்தால் மேல்காட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

நாளை: ..............................