வெங்காயச் சருகும் அன்னூர்த் தண்ணீரும்

அன்னூர்ப் பட்டறைக்குள் நுழைந்தபோது கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆவாரம்பூ மஞ்சளில் இருக்க வேண்டிய துணி. தண்ணீர்த் தொட்டியில் படியும் பாசியின் நிறத்தில் இருந்தது. பையிலிருந்து மாதிரித் துண்டை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டேன்.

பாப்பாயி அக்கா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இங்கே சாயம் காய்ச்சுவது அவர்தான்.

"நீங்க எழுதிக் குடுத்தாப்பலயேதான் செஞ்சேன் அம்மணி. சருகு, படிகாரம், நேரம், ஒண்ணும் மாத்தல."

"தெரியுங்கக்கா."

"அப்பறம் ஏன் இப்பிடிப் போச்சு?"

நான் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தேன்.

ஜெர்மனியில் சில சாயங்களைத் தடை செய்த பிறகுதான் சட்டை ஏற்றுமதி செய்யும் திருமலைசாமி சார் என்னை வேலைக்கு எடுத்தார். செடியிலிருந்தும் கழிவிலிருந்தும் நிறம் எடுக்க வேதியியல் படித்த ஒருவர் தேவைப்பட்டார். பாக்குத் தோல், மாதுளைத் தோல் எல்லாம் பார்த்து, கடைசியில் வெங்காயச் சருகுக்கு வந்து சேர்ந்தோம். மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகக் கீழே கொட்டுகிறார்கள். முதல் மூட்டை வந்த அன்று பாப்பாயி அக்கா, "தோல நம்மகிட்ட தள்ளிப்போட்டு உள்ள இருக்கறத எவன் தின்னானாம்?" என்று கேட்டார். பொத்தானுக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து கொட்டாங்குச்சி வந்தது. மாதிரிச் சட்டை ஜெர்மனிக்குப் போய், பிடித்திருக்கிறது என்று தகவலும் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. நிறம் முழுவதும் தாவரத்திலிருந்து வந்தது என்று ஆய்வுத் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மாதிரியைக் கோவை அலுவலகத்தின் பின்னறையில் நான்தான் காய்ச்சினேன். நோட்டில் எல்லாம் எழுதியிருந்தேன். சருகு எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். தண்ணீர் இருபது லிட்டர். என்ன தண்ணீர் என்று எழுதவில்லை. கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குழாயைத் திறந்தால் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அதைத் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

"எந்தத் தண்ணியிலக்கா காய்ச்சுனீங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"போர் தண்ணிதான். குடிக்கற தண்ணி நாளுக்கு நாலு கொடம் வருது. அதுல போயி யாராச்சும் துணிய முக்குவாங்களா கண்ணு?"

போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இரும்பு பட்டால் சருகின் மஞ்சள் பச்சையாகிவிடும். போன வாரம் இங்கே வந்தபோது தொட்டியின் விளிம்பில் செம்மண் போலப் படிந்திருந்ததைப் பார்த்தேன். சாரிடம் சொல்லப் போனேன். அவர் ஜெர்மன் ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த திருப்பூர் ஏஜென்ட் சீனிவாசலுவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் பத்து நிமிடம் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவர் ஊரில் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் இங்கே அடுப்பு பற்ற வைத்துவிட்டார்கள்.

புளிப்பில் இரும்பு கழன்று வருமா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிப் புளித் தண்ணீரில் ஊற வைத்தேன். பச்சை குறைந்தது. மஞ்சளும் சேர்ந்து குறைந்தது. துணி திட்டுத் திட்டாக ஆனது.

சார் மத்தியானம் வந்தார். கொடிகளின் நடுவே ஒரு முறை நடந்து திரும்பினார். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். கடையில் விற்கும் மஞ்சள் சாயப் பவுடர்.

"நெறத்த எடுத்துப்போட்டு இதுல ஒரு தடவ முக்குனா மாதிரியோட ஒத்துப் போயிரும். தடை பண்ணுன சாயம் இல்லீங்க அம்மணி. விசாரிச்சுட்டேன்."

"தாளுல செடின்னு இருக்குதுங்க சார்."

"பாதி செடிதானுங்க."

நான் பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"ஆர்டர் போச்சுன்னா பதினாலு பொம்பளைங்க ஊட்டுல உக்காரோணும். பாப்பாயியும்தான். யோசிச்சுப் பாருங்க."

பாப்பாயி அக்கா அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"தப்பு என்னுதுங்க சார்," என்றேன். "தண்ணிய எழுதாம உட்டுட்டேன். தொட்டியப் பாத்தும் சொல்லல."

"அதெல்லாம் இருக்கட்டும். கையெழுத்து?"

"போட மாட்டேனுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. களைத்துப் போயிருந்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீங்களே சீனிவாசலுகிட்டச் சொல்லிருங்க. என்னால ஆகாது."

போனில் பேசுவது எனக்கு வராது. வீட்டில் மணி அடித்தால் தங்கையைத்தான் எடுக்கச் சொல்வேன். எண்ணைச் சுற்றினேன். அவர் எடுத்ததும் என் பெயரைச் சொன்னேன். இரண்டாவது முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன்.

"சாய நெறம் போகுமா?" என்று கேட்டார்.

"போகாதுங்க. மஞ்சளக் காட்டியும் நல்லா நிக்கும்."

"அடுத்த தடவயும் இதே பச்ச வருமா?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். "தண்ணிய டெஸ்ட் பண்ணாமச் சொல்ல முடியாதுங்க. மழ பேஞ்சா மாறும்."

"ஏனுங்க, இப்பிடிச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று சிரித்தார். "மஞ்ச கேட்டவங்க பச்சைய எடுக்க மாட்டாங்க. ஆர்டர நிறுத்திப் போடறேன். எதுக்கும் ஒரு துண்டு அனுப்பி வைங்க, காட்டிப் பாக்கறேன்."

சாரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். என்னை நாளை வரச் சொல்லவுமில்லை, வர வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

கொடியிலிருந்து துணிகளை நானும் பாப்பாயி அக்காவும் எடுத்து மடித்தோம். நாலு மணி வரை ஆனது. எனக்குக் கை வலித்தது.

"ஒரே ஒரு கையெழுத்துத்தானே," என்றார் அவர். மடித்த துணியைப் பார்த்துத்தான் சொன்னார். "எனக்குக் கோவம்தான் அம்மணி. பொய் சொல்ல மாட்டேன்."

"சரிங்கக்கா."

"நெறம் ஒண்ணும் மோசமில்ல."

ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். நாளை வேலை இருந்தால் சோதிக்கலாம். பஸ்ஸில் என் கையிலிருந்து வெங்காய வாசம் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்து, பழைய பக்கத்தைத் திருப்பி, தண்ணீர் இருபது லிட்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் சிறுவாணி என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் அன்னூர், போர் என்று எழுதி, பச்சைத் துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.