கட்டிலைச் சேர்க்காத அளவு

டிவிப் பெட்டியைத் தூக்கி வந்த இருவரும் வாசற்படியில் நின்று, நீளவாக்கில் நுழைவதா குறுக்குவாக்கில் நுழைவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தடித்தவர், இன்னொருவர் ஒல்லி. கூடத்துக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த கட்டிங் மாஸ்டர் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். தெருவில் போகிற ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவு சொல்லிவிடுகிற கண் அது.

"சின்னது," என்றார்.

அதோடு மூச்சை நிறுத்திக்கொண்டார். இனிமேல் வாடிக்கை வராது என்று தெரிந்து கடையைக் கொஞ்சம் முன்னதாகச் சாத்துகிறவர்போல, அவ்வளவு சாவதானமாக.

மகள் அவர் காலடியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்க மடித்து வைத்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. கையிலிருந்த தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, காய்ச்சல் பார்க்கிறவள்போல அவர் நெற்றியில் கைவைத்தாள்.

"எங்கக்கா வைக்கறது?" என்றார் ஒல்லி, பெட்டிக்குப் பின்னாலிருந்து. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"உள் ரூம்ல வைங்க," என்றாள் அம்மா. "சத்தமில்லாம வைங்க. மாஸ்டர் இப்பத்தான்..."

அவள் முடிக்கவில்லை. அவர்கள் சத்தமில்லாமல் வைத்தார்கள். வெளியே வந்து கட்டிலைப் பார்த்ததும் தடித்தவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். யாரும் கேட்காமலே இருவரும் போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகளை எடுத்துவரத் தொடங்கினார்கள். தூக்குவது அவர்கள் தொழில்.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் காதில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. 'சின்னது.' முந்தின நாள் சாயங்காலம் அவரிடம் அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தாள்.

இத்தனைக்கும் காரணம் பழைய டிவி மாஸ்டரை முந்திக்கொண்டதுதான். ஒருநாள் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் மெல்ல மெல்லப் பச்சையாகி, ஒரு புள்ளியாகச் சுருங்கினாள். பிறகு அந்தப் புள்ளியும் எங்கோ கிளம்பிப் போய்விட்டது. "நல்ல சாவு," என்றார் மாஸ்டர். அவர் கட்டில் அப்போதுதான் கூடத்துக்கு வந்திருந்தது. டாக்டர், இனி மருந்து வேண்டாம், மனசுக்குப் பிடித்ததைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். காட்டுவதற்கு டிவி வேண்டுமே.

மகள் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் ஐம்பத்தைந்து இஞ்ச் என்றார், முப்பத்திரண்டு என்றார். போனை வாங்கிய மாஸ்டர், "எங்கேருந்து எங்க?" என்று கேட்டார்.

"மூலைக்கு மூலை சார். குறுக்கால."

"குறுக்காலயா! தோள்லேருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு டேப்பு புடிச்சு எவனாவது சட்டை தைப்பானாய்யா?"

சர்க்கஸ் யானைக்கு மேல்சட்டை தைத்து, பொத்தானுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்தவர் அவர். அந்த யானையைக்கூட நெடுக்கால்தான் அளந்தார். யானையும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒத்துழைத்தது.

ஆகவே துணியில் வெட்டிப் பார்ப்பதென்று முடிவானது. சாம்பல் நிற லைனிங் துணியில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. படுத்தபடியே அவர் காற்றில் கோடு போட, மகள் வெட்டினாள்.

"ஓரத்துல தையலுக்கு விடு."

"டிவிக்கு எதுக்குப்பா தையல்?"

"பின்னாடி வளந்துச்சுன்னா?"

முதலில் சின்னதை எதிர்ச்சுவரில் ஊசி குத்தி மாட்டினார்கள். ஜன்னல் காற்றில் அது உப்பியது, அமுங்கியது. மத்தியானத்துக்குமேல் வெயில் சாய்ந்ததும், தெருவில் போகிறவர்களின் நிழல்கள் ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் நடந்தன. மாஸ்டர் கண் கொட்டாமல் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் டிவிக்குத் தூரக் கணக்குச் சொல்ல வந்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார்.

"நான் வர்றதுக்குள்ள என்னாச்சு மாஸ்டர்?"

"குடைக்காரி இன்னிக்குக் குடையில்லாம போனா. வீட்டுல ஏதோ சண்டை."

"அடடா. அந்த நாய்?"

"அது அவ பக்கம்தான். சைக்கிள்காரனத்தான் நம்ப முடியல."

ஒருநாள் காற்று பலமாக வீசி, துணி பாய்மரம்போல விம்மி நின்றது. இன்று கடல் காட்டினார்கள் என்றார் மாஸ்டர். சாயங்காலம் வாசல் மிதியடி ஈரமாக இருந்தது. வீட்டில் யாரும் தண்ணீர் கொட்டவில்லை. அம்மா அதைப் பிழிந்து கொடியில் போட்டாள். உதறியபோது கொஞ்சம் மணல் விழுந்தது.

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. வாத்தியாரின் கணக்கு சுலபமானது: உட்காருகிற இடத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற டிவி. கட்டில் வந்ததிலிருந்து அம்மாவின் நாற்காலி கோடிச் சுவரை விட்டுக் கட்டில் பக்கத்துக்கு வந்திருந்தது. அங்கிருந்து டிவி நாலு எட்டுத்தான். முப்பத்திரண்டே தாராளம்.

"இவ்வளவு கிட்டத்துல பெருசு வச்சா கண்ணு போயிடும்பா."

"எது கிட்டம்? அந்தக் கோடியில டேப்பப் புடி."

"அங்க யாரு உக்காரப்போறா? நடுவுல கட்டில் கெடக்கே."

"கட்டிலக் கணக்குல சேர்க்காதே."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய்ச் சத்தம் நின்றது.

"கட்டில் இருக்கும்," என்றாள் மகள்.

"போடி இவளே. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுக்கறவன் இன்னிக்கு இருக்கற உடம்பையா பார்ப்பான்? பரீட்சை முடியறவரைக்கும் போட வேண்டாமா? அங்கதான் உங்கம்மா உக்காருவா. அங்கேருந்து பார்த்தா மூஞ்சி தெரிய வேண்டாமா அவளுக்கு?"

குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது.

மகளுக்கு ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்கே போகிறார்கள் என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவள், ஒரு மத்தியானம் வரிசையைக் காக்க வைத்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தாள். பெரியதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், கட்டிலைத் தூக்கி வெளியே போடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். "முப்பத்திரண்டு," என்றாள். வரிசையில் நின்றவர் அது தன் ரயில் நிற்கும் மேடை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாஸ்டர் கேட்டார், "எது சொன்னே?"

"நீங்க சொன்னதுதான்பா."

அவர் திருப்தியாகத் தலையாட்டி, சுவரில் பெரிய துணியை மாட்டச் சொன்னார். அன்று நெடுநேரம் நிழல்கள் வந்துகொண்டிருந்தன.

மாஸ்டரைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய அன்றே, உதவ வந்தவர்கள் கட்டிலைக் கழற்றி வாத்தியார் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். நாற்காலியை யாரோ ஒழுங்காகக் கோடிச் சுவரோரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூடம் தேவையில்லாமல் பெரிதாகிவிட்டது. பேசினால் குரல் சுவர்வரைக்கும் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பியது.

டிவி மாட்ட வந்த நாளில் தடித்தவரும் ஒல்லியும் செருப்பை வாசலுக்கு வெகுதூரத்திலேயே கழற்றினார்கள். பெட்டியைப் பிரித்து, சுவரில் துளை போடுமுன் டிவியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள்.

"இந்த ஹாலுக்குத் தபால்தலை ஒட்டின மாதிரி இருக்குக்கா," என்றார் ஒல்லி.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா," என்றார் தடித்தவர். பிறகு மகளிடம், "ஆனா நெசந்தான்க்கா. இப்பவே சொன்னா மாத்திடலாம். சாயங்காலம் பெருசு கொண்டாந்துடுவோம்."

மகள் அம்மா பக்கம் திரும்பவில்லை.

"மாத்திடுங்க," என்றாள். "அப்பா பெருசுதான் கேட்டாரு. நான்தான்..."

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். கையை முந்தானையில் துடைத்தபடி கோடிச் சுவருக்குப் போய் நாற்காலியைப் பிடித்தாள். தடித்தவர் உதவ அடியெடுத்தார்; கையில் டிவி இருந்தது. வெறுங்கூடத்தின் குறுக்கே நாற்காலி கரகரவென்று இழுபட்டு வந்து, கட்டில் கிடந்த இடத்தின் நடுவில் நின்றது. அம்மா உட்கார்ந்து டிவியின் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்கேருந்து சரியாத்தான் இருக்கு," என்றாள். "அங்கயே மாட்டுங்க."

ஒல்லி பென்சிலால் சுவரில் புள்ளி வைத்தார். அதற்குள் ஏதோ நினைத்துக்கொண்டவளாக அம்மா எழுந்தாள். நாற்காலியைச் சற்று ஓரமாக நகர்த்திப் போட்டு, பின்னால் யாருக்கும் மறைக்காதபடி, மறுபடி உட்கார்ந்தாள்.