பதினோரு தப்படி

வெள்ளை. காரின் பின்னிருக்கையில், மூடி போட்ட வாளிக்குள் தளும்புகிற வெள்ளை. பூசும்போது கண்ணுக்குத் தெரியாமல், காயும்போது மெல்லத் தெரிகிற சுண்ணாம்பு வெள்ளை.

இடப்பக்கம் கடல். வலப்பக்கம் மழைநீர் கட்டிய உப்பளம். மார்த்தாள் திரும்பித் திரும்பி வாளியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கார் ஓட்டிய தம்பி அருளப்பன் வேகத்தடை வரும்போதெல்லாம் அவளுக்காக மெதுவாக ஏறி இறங்கினான்.

கல்லறைத் திருநாள். வருடத்துக்கு ஒரு வெள்ளை. எட்டு வயதில் காய்ச்சலில் போன மகளுக்கு.

அந்தக் குட்டிக் கல்லறையில் பெயர் இல்லை. பெயர் வெட்டிக் கல் வைக்கலாம் என்று கணவர் சூசை சாகும்வரை சொன்னார். மார்த்தாள்தான் தள்ளிப்போட்டாள். கல்லில் வெட்டிவிட்டால் போனது போனதாகிவிடும் என்று பயம். கிணற்றிலிருந்து பதினோரு தப்படி. தாய்க்கு அந்த அடையாளம் போதாதா?

நெடுந்துறை வந்தது. பழைய கோட்டை. பழைய கடல். கல்லறைத் தோட்டத்து வாசலில் மட்டும் புதுப் பலகை. பாரம்பரியச் சின்னமாம்.

உள்ளே, முந்நூறு வருடத்துக்கு முன் செத்த கப்பல் தலைவன் ஒருவனுக்குப் பித்தளைச் சங்கிலி, புல்தரை, விளக்கு. பிள்ளைகளின் கல்லறைகள் இருந்த மூலையில் சிமெண்ட் கல் பாவியிருந்தது. அதன்மேல் சுற்றுலா வேன்கள் நின்றன.

காவலாளி தயங்கித் தயங்கி வந்தான்.

"பேரு வெட்டுன கல்லறைய மட்டும் வச்சுக்கிட்டாங்கக்கா. மத்ததுக்கெல்லாம் ஆள் இல்லன்னு எழுதிட்டாங்க."

"போன வருஷம் வெள்ளையடிச்சேனே. ஆள் இல்லாம தானா வெளுத்துச்சா?"



அவள் சங்கிலியையும் வேன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு நாதியில்லாதவனுக்குச் சங்கிலியும் விளக்கும். வருடம் தவறாமல் வெள்ளை கண்டவளுக்கு வேன் டயர். செத்த பிறகும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

"மனு எழுதிக் குடுப்போம்க்கா" என்றான் அருளப்பன்.

எழுதட்டும். நூறு மனு எழுதட்டும். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கிணறு அங்கேயே இருந்தது. செருப்பைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு. கல்லெல்லாம் மழை ஈரம். பத்தாவது தப்படியில் ஒரு வேன் மறித்தது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடுப்பா. எம்பொண்ணு மேல நிக்குது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். வண்டியை எடுத்தான்.

பதினொன்று. மார்த்தாள் மண்டியிட்டாள். வாளியைத் திறந்து, வெள்ளையடிக்கும் மட்டையைத் தோய்த்து, நாலடி நீளத்துக்குச் சுற்றிக் கோடு இழுத்தாள். தலைமாட்டில் சிலுவை. பிறகு மட்டையைத் திரும்பச் சுண்ணாம்பில் தோய்த்து, இத்தனை வருடம் எழுதப் பயந்ததை எழுதினாள். 

"இங்கெல்லாம் எதுவும் பூசக் கூடாதுக்கா" என்று ஓடிவந்த காவலாளி, குனிந்து பார்த்து நிம்மதியானான். "நல்லவேளை, ஒண்ணும் தெரியல."

மார்த்தாள் மெழுகுவர்த்தியைப் பொருத்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மேகம் விலகியது. கடலிலிருந்து காற்று வந்தது. கல் காய்ந்தது. முதலில் ஓரங்கள். பிறகு சிலுவை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, எல்லோரும் பார்க்க, ரெஜினா.

வெள்ளை.