கேபினுக்குப் போகாத தண்ணீர்

கிரேன் ஏணியின் அடியில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. மூடி திறக்கவே இல்லை. சைட்டில் எல்லாரும் 'விசில்' என்று கூப்பிடும் சிக்னல்காரன் அதைப் பார்த்துவிட்டான்.

அவனுடைய அக்கா காலையில் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்த தண்ணீர் அது. சைட் டிரம்மில் இருப்பதைக் குடித்து இரண்டு பேருக்கு வயிற்றால் போனதிலிருந்து வீட்டுத் தண்ணீரைத்தான் அவள் அனுப்புகிறாள். குடிக்க வேண்டியவரோ அவள் புருஷன், கிரேன்காரர். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிப் பெட்டி மாதிரியான கேபினில் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது.

விசிலுக்கு வேலை, கீழே நின்று வாக்கி டாக்கியில் கிரேனுக்கு வழி சொல்வது. அந்த நேரம் பார்த்து கொக்கியில் இரண்டு டன் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. முதல் மாடித் தளத்தில் ஆறு பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுமை அவர்கள் பக்கம் வராமல் வலது மூலைக்குப் போக வேண்டும்.

"மாமா, வலப்பக்கம் மெதுவா."

கிரேன் அசையவில்லை.

"மாமா?"

"ம்... சொல்லு."

"வலப்பக்கம்."

கிரேனின் நீளக் கை இடப்பக்கம் திரும்பியது. நேராக அந்த ஆறு தலைகளை நோக்கி.

"நிறுத்துங்க மாமா! நிறுத்துங்க!"

கை நின்றது. கம்பிக்கட்டு நிற்கவில்லை. ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வந்தது.

"எந்த வலது மாப்ள?" குரல் குழறியது. பதினாலு வருஷம் கிரேன் ஓட்டியவர் கேட்கிற கேள்வியா இது?

விசில் தளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். "எல்லாரும் இறங்குங்கடா! அப்படியே போட்டுட்டு ஓடுங்க!"

"என்னடா, பாம்பா?" என்றான் ஒருவன் நிதானமாக.

"பாம்பா இருந்தா பரவால்லடா! மேல பாரு!"

பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் தளம் காலி.

"மாமா, கை எப்படி இருக்கு?"

"விரல் மடங்கிக்கிச்சு மாப்ள. நீட்ட வரல. கண்ணு முன்னால பூச்சி பறக்குது."

திட்ட வாயெடுத்த விசில் அடக்கிக்கொண்டான். இப்போது திட்டினால் மனுஷன் பதறிப்போவார். பதறினால் கை எந்த லிவரில் விழும் என்று யார் கண்டது?

"ஒண்ணும் தொடாதீங்க. சும்மா உட்காருங்க. சாயங்காலம் அக்கா உங்கள முழுசாப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடும், சொல்லிட்டேன்."

மேலேயிருந்து மெல்லிய சிரிப்பு வந்தது. அதுவே பெரிய தெம்பாக இருந்தது. ஆட்டம் அடங்கும்வரை விசில் கம்பிக்கட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"இப்ப உள்ளங்கையாலேயே லிவரத் தள்ளுங்க. நேரா கீழ. திருப்ப வேணாம். இன்னும்... இன்னும்... போதும்."

ஆறு பேர் குனிந்திருந்த இடத்தில் கம்பிக்கட்டு தொப்பென்று உட்கார்ந்தது.

இன்ஜினியர் ஓடி வந்தார். "யாருய்யா அங்க இறக்கச் சொன்னது?"

"நான்தான் சார். அவர் தண்ணி குடிக்கிறவரைக்கும் இனிமே சிக்னல் கிடையாது."

பாட்டில்களை முதுகில் கட்டி, பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். கேபின் அடுப்பாகக் கொதித்தது. மாமாவின் உதடு வெடித்திருந்தது.

"மடமடன்னு வேணாம் மாமா. கொஞ்சம் கொஞ்சமா. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

"காலைல அஞ்சுக்கு."

"கலரு?"

"டீ மாதிரி. ஏண்டா, எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

"பாட்டில ஏன் கீழயே ஒளிச்சு வச்சீங்க?"

மாமா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "குடிச்சா இறங்கணும். இறங்கி ஏற அரை மணி. போன மாசம் இறங்கினப்ப இன்ஜினியர் ரேடியோல, 'கிரேன் ஒழுகுதாம், பிளம்பரக் கூப்பிடு'ன்னார். ஒரு வாரம் சைட்டே சிரிச்சுது மாப்ள."

ரேடியோ கரகரத்தது. "மேல என்னய்யா மாநாடு? எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

விசில் பதில் சொல்லப் போனான். மாமா வாக்கி டாக்கியை வாங்கி, மடங்கிய கட்டைவிரலாலேயே பொத்தானை அழுத்தினார்.

"சார், கிரேன்காரன் பேசறேன். இன்னிக்கு இனிமே தூக்க மாட்டேன். என் கை எனக்கே சரியில்ல. நாளையிலேர்ந்து குடிப்பேன். ஷிப்டுல ரெண்டு தடவை ஒண்ணுக்குப் போக இறங்குவேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. வேலை இருக்குமா போகுமா என்று விசில் ரேடியோவையே வெறித்தான். கீழே அந்த ஆறு பேரும் கம்பிக்கட்டைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இன்ஜினியரின் குரல் வந்தது. "சரி. முதல்ல பத்திரமா இறங்குங்க."

அரை மணி நேரம் கழித்து, விரல்கள் நிமிர்ந்ததும், விசில் முதலில் ஏணியில் இறங்கினான். தலைக்கு மேல் மாமாவின் கால் தடுமாறிப் படியைத் தேடியது. அதைப் பிடித்துச் சரியாக வைத்தான். இன்னும் நூற்று முப்பத்தொன்பது படி இருந்தது.