வாயடைத்த சென்சார்

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, தன் கரிசல் காட்டில் பாதி அறுத்து முடிந்த பிறகுதான் ஜெயஷீலா குனிந்து தரையைப் பார்த்தார். வெட்டுண்ட தட்டைகளுக்கு இடையே மண் தெரியாதபடி மக்காச்சோள மணிகள் சிதறிக் கிடந்தன. அள்ளினார், ஒரே அள்ளில் கை நிறைந்தது.

அவர் வந்த வேகத்தைக் கண்டே, தங்கை மகன் பெனிஸ்டன் அறுவடை இயந்திரத்தை நிறுத்தினான். முத்தையாபுரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சென்ற ஆண்டுதான் இதை வாங்கியிருந்தான். பின்வழியே மணி சிந்தினால் சென்சார் உடனே ஒலியெழுப்பும் என்று ஊரெங்கும் பெருமை பேசியவனும் அவனே.

"ஏலே, இறங்கு கீழ. அறுக்க வந்தியா, விதைக்க வந்தியா?"

"கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், பெரியம்மா."

"இதா கொஞ்சம்? ஒன் சென்சாரு எங்கல? செத்துப் போச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஸ்ரீவைகுண்டத்துல நெல்லு அறுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. இங்கன வந்ததும் கோட்டி புடிச்ச மாதிரி ஓயாம கத்துச்சு. ரிப்பேர்னு நெனச்சி சத்தத்த நிறுத்திட்டேன்."

ஜெயஷீலா ஏறித் திரையைப் பார்த்தார். பயிரின் பெயர் 'நெல்' என்றே இருந்தது. இழப்பைக் காட்டும் சிவப்புக் கோடு எல்லையைத் தொட்டு நின்றது. நெல்லுக்காக ஒடுக்கிய சல்லடைக் கண்களில் மக்காச்சோளம் இறங்கவில்லை. தட்டைத் தூளோடு பின்னால் கொட்டிவிட்டது. சென்சார் சொன்னது உண்மை. இவன் அதன் வாயை அடைத்திருக்கிறான்.

"சரி, விடுங்க. போன சோளம் போகட்டும்."

"சோளத்துக்கால நான் கத்துதேன்? சாயங்காலம் மகாராஜா அண்ணாச்சி இங்கன கிடை போட வாராரு. இத்தனை மணியையும் தின்னா ஆடு வயிறு உப்பிச் சாகும்ல!"

அறுத்த காட்டில் உரத்துக்காகச் செம்மறிகளை அடைக்கும் வழக்கம் பெனிஸ்டனுக்குத் தெரியும். மணி ஆட்டைக் கொல்லும் என்பது தெரியாது. அவன் பதில் சொல்வதற்குள் வண்டிப்பாதையில் புழுதி எழுந்தது. மகாராஜாவின் மந்தை முன்னதாகவே வந்துவிட்டது. மணியின் வாசம் பிடித்த முன்வரிசை ஆடுகள் வரப்பைத் தாண்டிப் பாய்ந்தன.

"அண்ணாச்சி, திருப்புங்க! ஆட்டத் திருப்புங்க!"

"நீங்க வாக்குக் கொடுத்த காடுதானம்மா?" என்றார் மகாராஜா.

"தரையப் பாருங்க!"

பார்த்தார். மறுகணமே கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினார். மூவரும் கத்தி, விரட்டி, மந்தையைப் பாதைக்குத் தள்ளினார்கள். அதற்குள் முன்னால் பாய்ந்தவை தின்ற வரை தின்றுவிட்டன.

மகாராஜா மூச்சிரைக்கப் பெனிஸ்டனிடம் வந்தார். "என் ஆட்டக் கொல்லவால மிஷின் வாங்குன?"

"மிஷினு கத்துச்சு, நாந்தான் சத்தத்த நிறுத்திட்டேன். ஆடு சாகும்னு எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

"ஒன் மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கே! அதுக்கு இருக்க அறிவுகூட ஒனக்கு இல்லியால?"

சற்று நேரத்தில் ஒரு பெட்டையாடு மந்தையை விட்டு விலகிப் படுத்தது. அதன் இடப்பக்கம் புடைத்திருந்தது. மகாராஜா கால்நடை மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்துவிட்டு, ஜெயஷீலாவிடம் சொன்னார்: "சினை ஆடும்மா."

ஜெயஷீலா இயந்திரத்தின் சாவியை உருவி மடியில் செருகினார். "பெனிஸ்டன், அதத் தூக்கி நிறுத்து. டாக்டர் வார வரைக்கும் நடத்து. படுக்க விடாத."

"நானா?"

"பின்ன, ஒன் சென்சாரா?"

அவன் ஆட்டை அணைத்துப் பிடித்து, பாதையில் மேலும் கீழுமாக நடத்தினான். அது நாலு அடிக்கு ஒரு முறை மடிந்து விழப் பார்த்தது. அவன் சட்டைப்பையில் கைப்பேசி அலறியது. மறுநாள் அறுவடைக்குச் சொல்லியிருந்த பக்கத்து ஊர்க்காரர். இரண்டு கையும் ஆட்டின் மேல் இருந்ததால் அவன் பெரியம்மாவைப் பார்த்தான்.

ஜெயஷீலா கைப்பேசியை எடுத்தார். "பெனிஸ்டன் நாளைக்கு வர மாட்டான். மிஷினுல கோளாறு இல்ல, ஓட்டுதவன்கிட்டதான் கோளாறு. அது சரியாகட்டும், அனுப்புதேன்."

துண்டித்துவிட்டு அவனைப் பார்த்தார். "ஏன் நின்னுட்ட? நட."